நற்காட்சியும் இல்லற வாழ்வும்

மும்மணிகளை நம் ஆசாரியர்கள் வரிசைப்படுத்தியபோது நற்காட்சியை முதலிலும், நல்ஞானத்தை இரண்டாவதாகவும், நல்லொழுக்கத்தை மூன்றாவதாகவும் வைத்தனர். ஒழுக்கமே உலகத்தார் கண்ணுக்குத் தெரிவது. அறிவே உலகத்தார் பாராட்டுவது. அவ்வாறிருக்கக் காட்சியை ஏன் முன்வைத்தனர் என்று நாம் நிதானமாக எண்ணிப் பார்ப்பதில்லை. சிறு வயதில் மனப்பாடம் செய்த வரிசை என்ற அளவில் விட்டுவிடுகிறோம்.

காரணம் எளியது. காணும் முறை பிழையானால் கற்ற கல்வி அப்பிழைக்கே துணை நிற்கும். செய்யும் ஒழுக்கமும் செருக்குக்கு இடமாகிவிடும். நோன்பு தவறாத ஒருவர், நோன்பு நோற்காத தம் தம்பியை இகழ்வாராயின் அவருடைய ஒழுக்கத்தில் குறையில்லை; காட்சியில் குறையுண்டு. அக்குறை நாளடைவில் ஒழுக்கத்தையும் அரித்துவிடும். எனவே நற்காட்சி என்பது தத்துவங்களின்பால் கொள்ளும் நம்பிக்கை என்று நூல்கள் கூறும் பொருளோடு, அந்நம்பிக்கையால் நம் பார்வை திருந்துதல் என்ற பயனையும் சேர்த்தே கொள்ளல் தகும். அப்பயன் நம் இல்லங்களில் எவ்வாறு விளங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொற்குடமும் மணிமுடியும்

பல பார்வைகள் என்றவுடன் யானையைத் தடவிய குருடர் கதையைச் சொல்லிவிடுவது வழக்கம். கதை நல்லதே. ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. கதையைச் சொல்பவர், தாம் அக்குருடருள் ஒருவர் என்பதை மறந்து, யானையை முழுமையாகக் கண்டவர் தாமே என்று எண்ணிக்கொள்கிறார். முழுமையாகக் காண்பது கேவலஞானிக்கே உரியது என்பது நம் கொள்கை. நாமனைவரும் தடவிப் பார்ப்பவர்களே.

ஆதலின் சமந்தபத்திர ஆசாரியர் தம் ஆப்தமீமாம்சையில் காட்டும் உவமை நமக்கு இன்னும் பொருத்தமானது. பொற்குடம் ஒன்றை உருக்கி மணிமுடி செய்கின்றனர். குடத்தை விரும்பியிருந்தவர் வருந்துகிறார். முடியை விரும்பியவர் மகிழ்கிறார். பொன்னை மட்டும் வேண்டியவர் வருந்துவதுமில்லை, மகிழ்வதுமில்லை. நிகழ்ந்தது ஒரே நிகழ்ச்சி. மூவர் உள்ளத்தில் மூன்று விளைவுகள். தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒரு பொருளில் ஒருங்கே உள்ளன என்பதை நிறுவவே ஆசாரியர் இவ்வுவமையை எடுத்தாண்டார்.

கோவை நகரம் பொன் வேலைக்குப் பெயர்பெற்றது. பழைய நகையை அழித்துப் புது நகை செய்வதை அங்குள்ள பொற்கொல்லர் பட்டறைகளில் யாரும் காணலாம். பாட்டியின் அட்டிகை உருகுகிறது. பேத்தியின் ஆரம் பிறக்கிறது. பாட்டி கண் கலங்குகிறார், பேத்தி மகிழ்கிறாள், எடை பார்க்கும் தந்தையார் சேதாரத்தைக் கணக்கிடுகிறார். இம்மூவருள் பொய்யர் எவருமில்லை. பாட்டி கண்டது அழிவை, அது மெய். பேத்தி கண்டது தோற்றத்தை, அதுவும் மெய். தந்தையார் கண்டது நிலைத்த பொன்னை, அதுவும் மெய். ஒருவர் மற்றவரை நோக்கி, "உனக்கு உணர்ச்சியே இல்லை" என்றும் "உனக்கு உலகம் தெரியவில்லை" என்றும் கூறத் தொடங்கும்போதுதான் பொய் நுழைகிறது.

நயம் என்பது ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து நோக்குதல். அது குற்றமன்று, மனிதராகப் பிறந்தவருக்கு அதுவே இயல்பு. பிற பக்கங்களை மறுக்கும் நயமே துர்நயம் அல்லது நயாபாசம் எனப்படும். நம் வீட்டுப் பூசல்களில் பெரும்பாலானவை மெய்க்கும் பொய்க்கும் நடப்பன அல்ல. ஒரு நயத்துக்கும் மற்றொரு நயத்துக்கும் நடப்பன.

கீழ்பவானி காட்டும் பாடம்

இது வீட்டளவில் நிற்பதன்று. கொங்கு நாட்டில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கருதிப் பார்ப்போம்.

1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கி.மீ. நீளம் ஓடுகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 2,07,000 ஏக்கர் நிலம் இதனால் பாசனம் பெறுகிறது. இது மண் கரை கொண்ட வாய்க்கால். ஆகவே வழிநெடுகத் தண்ணீர் கசியும். இவ்வாய்க்காலைக் கான்கிரீட் கொண்டு சீரமைக்கும் திட்டத்தை அரசு மேற்கொண்டபோது விவசாயிகள் இரு பிரிவாயினர். 2022, 2023-ஆம் ஆண்டுகளில் போராட்டங்களும் நடந்தன.

கடைமடையில் இருப்பவர் கூறியது: கசியும் நீர் வீணாகும் நீர், அதனால் எங்கள் வயலுக்கு முறைத் தண்ணீர் வந்து சேர்வதில்லை, கரை உறுதியாக வேண்டும். வாய்க்காலை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர் கூறியது: கசியும் நீரே எங்கள் கிணற்றுக்கு ஊற்று, கசிவுநீரை நம்பிய நிலங்களும், கால்நடைகளும், கரைமரங்களும் உள்ளன, கான்கிரீட் இட்டால் நிலத்தடி நீர் வற்றிவிடும்.

தண்ணீர் ஒன்றே. கால்வாய்க் கணக்கில் அது இழப்பு; கிணற்றுக் கணக்கில் அது வரவு. இவ்விரண்டும் உண்மை. இரு தரப்பினரும் ஒரே மண்ணில் பிறந்த உழவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவினரும் ஆவர். ஒருவரை ஒருவர் பேராசைக்காரர் என்று தூற்றிக்கொள்ளும் வரையில் வழக்குத் தீராது. கசிவு எவ்வளவு, எந்தப் பகுதியில், எத்தனை கிணறுகள் அதை நம்பியுள்ளன, கடைமடைக்கு எத்தனை நாள் நீர் குறைகிறது என்று இரு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதத் துணியும்போதுதான் தீர்வுக்கு வழி பிறக்கும். எத்தீர்வாயினும் ஒருவர்க்குச் சிறிது குறைவு நேரலாம். ஆனால் தன் குறைவு பிறர் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதை அறிந்தவர் அதனைப் பொறுப்பார். அறியப்படாமல் தள்ளப்பட்டவர் பொறுக்கமாட்டார்.

அநேகாந்தம் என்பது ஏட்டில் உறங்கும் தருக்கம் என்று எண்ணுவோர் இவ்வாய்க்காலை நினைத்துப் பார்ப்பாராக.

'ஒருவகையில்' என்பதும் ஏகாரமும்

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. அவரவர்க்கு அவரவர் பார்வை என்று விட்டுவிட்டால், உண்மை என்று ஒன்று இல்லாமற் போகாதா? களவும் ஒரு பார்வை, பொய்யும் ஒரு பார்வை என்று ஆகிவிடாதா? நம் சமயத்தை முற்காலத்தில் எதிர்த்த புலவர் பலரும் இக்கேள்வியைக் கேட்டுள்ளனர். இன்று நம் பிள்ளைகளும் கேட்கின்றனர்.

சியாத்வாதத்தைச் சரியாகக் கொண்டால் இவ்வையத்துக்கு இடமில்லை. 'சியாத்' என்பதற்கு 'இருக்கலாம்', 'ஒருவேளை' என்று பொருள் கூறுவோர் உளர். அது பிழை. 'ஒருவகையில்', 'இன்ன நோக்கில்' என்பதே அதன் பொருள். மேலும் நம் தருக்க நூலார் 'சியாத்' என்பதோடு நிறுத்தவில்லை. 'ஏவ' என்ற தேற்றச் சொல்லையும் உடன் சேர்த்தனர். தமிழில் கூறுவதாயின், 'ஒருவகையில் உண்டே', 'ஒருவகையில் இல்லையே' என்று வரும். தன் திரவியம், தன் இடம், தன் காலம், தன் பாவம் ஆகியவற்றால் குடம் உண்டு. பிறவற்றின் திரவியம், இடம், காலம், பாவத்தால் அது இல்லை. இவ்விரண்டும் ஐயமற்ற கூற்றுகள். இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்ல முயன்றால் சொல்லொணாமை தோன்றும். இம்மூன்றின் சேர்க்கையால் ஏழு பங்கங்கள் அமையும்.

'ஒருவகையில்' என்பது எல்லையைக் குறிக்கிறது. ஏகாரம் அவ்வெல்லைக்குள் உறுதியைத் தருகிறது. எல்லையில்லாத உறுதி பிடிவாதம். உறுதியில்லாத எல்லை தயக்கம். இரண்டும் சேர்ந்ததே சியாத்வாதம். கீழ்பவானியில், கசிவால் கிணறு ஊறுகிறது என்பது கருத்தன்று. அளந்து காணத்தக்க செய்தி. அதனை மறுப்பவர் பார்வை மாறுபட்டவர் அல்லர், பிழைபட்டவர். ஆகவே அநேகாந்தம் உண்மையைக் கரைத்துவிடுவதில்லை. ஒவ்வோர் உண்மையையும் அதற்குரிய இடத்தில் நிறுத்துகிறது.

நன்னூலார் வகுத்த எழுவகை மதம்

பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறையைத் தமிழில் வகுத்துக் காட்டியவர்களுள் நம்மவரான பவணந்தி முனிவர் சிறந்தவர். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் வேண்டுகோளின்படி அவர் நன்னூலை இயற்றினார். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அவருடைய ஊர் என்பது கொங்கு நாட்டில் வழிவழியாக வரும் செய்தி. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் விசயமங்கலமும், அங்குள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயமும் அதற்குத் தொலைவில் இல்லை.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய எழுவகை மதங்கள் கூறப்படுகின்றன. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல், தாமே ஒரு கருத்தை நாட்டி அதனை நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் கருத்தொடு படாமல் தம் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை.

இலக்கண மாணவர் இதனைத் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகின்றனர். வாழ்க்கைக்கு இதில் பெரும் பொருள் உண்டு. வரிசையைப் பாருங்கள். உடன்படுதல் முதலில் நிற்கிறது. தம் கருத்தையே கொள்ளுதல் இறுதியில் நிற்கிறது. நாமோ பெரும்பாலும் இறுதியில் உள்ளதிலிருந்து தொடங்குகிறோம். மறுக்கவே கூடாது என்று நன்னூலார் கூறவில்லை. மறுத்தலும் ஒரு மதமே. ஆனால் மறுத்தல் ஒன்றே மதம் என்றும் அவர் கூறவில்லை. ஏழு வழிகள் உள்ள இடத்தில் ஒரே வழியில் மீண்டும் மீண்டும் நடப்பவரை நாம் உறுதியுடையவர் என்று புகழ்கிறோம். வழி தெரியாதவர் என்று கூறுவதே பொருந்தும்.

இந்நூல் பெற்ற வாழ்வும் எண்ணத்தக்கது. சமணரான மயிலைநாதர் இதற்கு முதலில் உரை வரைந்தார். பின்னர்ச் சைவரான சங்கர நமச்சிவாயர் உரை செய்தார். அதனைச் சிவஞான முனிவர் திருத்தினார். சைவ மடங்களில் பல தலைமுறை மாணவர் சமண முனிவரின் நூலைக் கற்றே தமிழ்ப் புலவராயினர். சமயத்தால் மாறுபட்டோரும் மொழி நோக்கில் ஒன்றுபட முடிந்தது. எந்த நோக்கில் வேறுபடுகிறோம், எந்த நோக்கில் ஒன்றுபடுகிறோம் என்ற தெளிவு இருந்தமையால் இரு பாலாரும் தம் கொள்கையை இழக்கவில்லை.

சேலத்தார் கேட்ட கேள்வி

பார்வை மாறினால் ஒரு மனிதர் வாழ்வு எவ்வளவு மாறும் என்பதற்கு உ.வே. சாமிநாதையர் வாழ்க்கையே சான்று. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் அவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனக் கற்றவை ஏராளம். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் படித்த நூல்களை வரிசையாகக் கூறினார். முதலியார் வியக்கவில்லை, இவற்றால் என்ன பயன் என்ற முறையிலேயே பேசினார். பிறகு சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார்.

இவ்விடத்தில் பலர் புண்பட்டுத் திரும்பியிருப்பர். இத்தனை கற்ற என்னையா கேட்கிறார் என்று எண்ணியிருப்பர். ஐயர் அவ்வாறு எண்ணவில்லை. தாம் கற்றது பொய்யன்று. ஆனால் தமிழின் முழுமையும் அதுவன்று என்று கண்டார். சிந்தாமணியைக் கையில் எடுத்தார். சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை. உள்ளூரிலேயே அதனை வழிவழியாகப் பயில்வோர் இருப்பதை அறிந்து, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். அவர்களும் சைவருக்கு நம் நூல் எதற்கு என்று கதவடைக்கவில்லை, கேட்டவற்றை விளக்கினர். 1887-இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. 1924-இல் கொங்குவேளிரின் பெருங்கதையும் அவராலேயே அச்சேறியது.

இதில் மூவர் பங்கு உண்டு. கேள்வி கேட்ட முதலியார். கேள்வியைச் சினமின்றி ஏற்ற ஐயர். வேற்றுச் சமயத்தவர்க்கு மனம் திறந்த சமண இல்லத்தார். மூவருள் ஒருவர் தம் நிலையில் இறுகியிருந்தாலும் நம் முன்னோர் செல்வம் இன்னும் பல காலம் ஓலையிலேயே கிடந்திருக்கும். சில ஓலைகள் செல்லுக்கு இரையாகியும் இருக்கும்.

நம் இல்லங்களில்

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து தொழிலுக்காகவும் பணிக்காகவும் கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களுக்குக் குடிவந்த நம் குடும்பங்களில் இரண்டு வழக்குகள் அடிக்கடி எழக் காண்கிறோம்.

ஒன்று, ஊரிலுள்ள நிலம். தந்தைக்கு அது ஜினாலயத்துக்கு நெல் அளந்த பூமி. முன்னோர் பெயர் நிலைக்கும் இடம். மகனுக்கு அது பார்க்க ஆளின்றித் தரிசாகக் கிடக்கும் சுமை. நகரில் வீடு கட்டுவதற்குரிய முதல். மகளுக்கு அது தானும் அவ்வீட்டில் பிறந்தவள் என்பதற்குச் சான்று. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வழங்கின. இச்சட்டம் சமணர்க்கும் உரியது. பங்கு கேட்கும் மகளைப் 'பாசமற்றவள்' என்பதும், விற்க எண்ணும் மகனை 'வேரறுப்பவன்' என்பதும், மறுக்கும் தந்தையைப் 'பழமைவாதி' என்பதும் துர்நயங்கள். பொற்குடத்தின் உவமை இங்கே அப்படியே பொருந்தும். அழிவைக் காண்பவர், தோற்றத்தைக் காண்பவர், நிலைத்த உரிமையைக் காண்பவர் என மூவரும் ஒரே பொருளையே காண்கின்றனர். இதனை உணர்ந்தால் உடனே உடன்பாடு வந்துவிடும் என்று கூறவில்லை. உடன்பிறந்தார் பேச்சற்றுப் போகமாட்டார் என்று உறுதியாகக் கூறலாம்.

மற்றொன்று, இரவுண்ணாமை. ஆலையிலும் அலுவலகத்திலும் பணிபுரியும் மகனும் மருமகளும் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. பாட்டியார் விளக்கேற்றும் முன்பே உணவை முடித்துக்கொண்டவர். மற்றவர் இரவில் உண்பதைக் காணும்போது, தலைமுறை தலைமுறையாகக் காத்த விரதம் தம் கண்முன் கெடுவதாக வருந்துகிறார். இளையோரோ, தம் உழைப்பையும் களைப்பையும் பாராது குற்றம் மட்டும் காண்கிறார் என்று மனம் கசக்கின்றனர்.

இவ்விடத்தில் நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நினைவிற்கொள்வது நலம். அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் கூறும் ஐயமின்மை, அவாவின்மை, உவர்ப்பின்மை, மயக்கமின்மை ஆகிய நான்கும் ஒருவர் தம் உள்ளத்தைக் காப்பன. அறப்பழி நீக்குதல், நெறியிலிருந்து அழிந்தாரை மீண்டும் நிலைநிறுத்துதல், பேரன்புடைமை, அறத்தை விளங்கச் செய்தல் ஆகிய நான்கும் பிறரோடு நாம் பழகும் முறையைக் காப்பன. எட்டில் ஒரு பாதி உறவைப் பற்றியது என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். வழுவியவரை நிலைநிறுத்துவது கடுஞ்சொல்லால் நிகழாது. பாட்டியார் தம் கையால் சிற்றுண்டி கட்டிக் கொடுத்து, "பொழுதிருக்கும்போதே அங்கேயே உண்டுவிடுங்கள்" என்று கூறுவாராயின் அது நிலைநிறுத்தல். இளையோர் அதனைக் கேலி செய்யாமல் வாரத்தில் இயன்ற நாட்களேனும் ஏற்றுக்கொள்வாராயின் அது பேரன்பு. விரதத்தின் பெருமை குறையவில்லை. உயிர்களுக்கு ஊறு நேரக்கூடாது என்ற அதன் நோக்கம் இருவர் உள்ளத்திலும் நிலைபெறுகிறது. கண்டித்துப் பெறும் விரதம் கண்டிப்பவர் இல்லாதபோது கலைந்துவிடும்.

பார்வை மாற்றத்துக்கு எல்லை

"உன் பார்வையை மாற்றிக்கொள், வாழ்க்கை இனிக்கும்" என்ற அறிவுரை இன்று எங்கும் மலிந்துள்ளது. அது எவருக்குக் கூறப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மருமகளுக்குக் கூறப்படுகிறது. மாமியாருக்கு அரிதாகவே கூறப்படுகிறது. தொழிலாளிக்குக் கூறப்படுகிறது, முதலாளிக்குக் கூறப்படுவதில்லை. பொறுத்துப் போகவேண்டியவர் எப்போதும் மெலியவராகவே இருப்பாராயின் அது அநேகாந்தம் அன்று, வலியவரின் ஏகாந்தம். பார்வையை விரிக்கும் கடமை, அதிகாரம் கூடுதலாக உள்ளவருக்கே கூடுதலாக உண்டு.

அன்றியும், அடிப்பதும், வஞ்சிப்பதும், பட்டினியிடுவதும் 'மற்றொரு பார்வை' ஆகா. கொல்லாமை நம் நோக்குகளுள் ஒன்றன்று. நோக்குகள் அனைத்தும் நிற்பதற்குரிய தரை. பிறர் கருத்தைக் கொல்லாமையே அநேகாந்தம் என்று கொண்டால், பிறர் உடலையும் உள்ளத்தையும் வருத்துவதற்கு அதனைச் சான்று காட்ட இயலாது என்பது விளங்கும்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் வரும் இடம் இதற்கு விளக்கம் தரும். வழியில் எதிர்ப்பட்ட இருவர் கோவலனையும் கண்ணகியையும் தகாத சொல்லால் இகழ்ந்தனர். அடிகள் அவர்களை நரிகளாகுமாறு சபித்தார். இகழப்பட்ட கண்ணகியும் கோவலனுமே அவ்விருவர்க்காக இரங்கினர். நெறியிலிருந்து விலகியோர் பேச்சை அறியாமையின் பேச்சாகக் கருதவேண்டும் என்று கூறிச் சாபத்துக்கு முடிவு கேட்டனர். பன்னிரு திங்கள் கழிந்தபின் முன்னை உருப் பெறுவர் என்று அடிகள் அருளினார்.

இங்கே குற்றம் குற்றமாகவே நின்றது, தண்டமும் நீங்கிவிடவில்லை. மாறியது குற்றவாளியைப் பற்றிய பார்வை. பகைவர் என்று கண்டவரை அறியாதவர் என்று கண்டனர். அதனால் தண்டத்துக்கு ஓர் எல்லை பிறந்தது. அடிகளும், "துறவியாகிய என் சொல்லை மாற்றுவதா?" என்று இறுகவில்லை. இல்லறத்தார் இருவர் கூறியதைத் துறவறத்தார் ஏற்றார். இக்காப்பியத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டவர் என்பது நமக்கு மேலும் ஒரு மகிழ்ச்சி.

தத்துவார்த்த சூத்திரம் நால்வகைப் பாவனைகளைக் கூறுகிறது: எல்லா உயிரிடத்தும் நட்பு, குணம் மிக்காரிடத்து உவகை, துன்புறுவோரிடத்து இரக்கம், திருந்த மறுப்போரிடத்து நடுநிலை. நான்காவது பாவனையை நோக்குக. தீயோரை நல்லவராகக் கற்பனை செய்துகொள் என்று ஆசாரியர் கூறவில்லை. வெறுப்புமின்றி விருப்புமின்றி விலகி நில் என்றே கூறினார். சில உறவுகளில் நாம் செய்யக்கூடிய நன்மை அவ்வளவே. அதற்காக வருந்தவேண்டியதில்லை.

நாள்தோறும் செய்யத்தக்கன

பார்வை ஒரே நாளில் திருந்தாது. அதற்குரிய பயிற்சியை நம் முன்னோர் நித்திய கருமங்களிலேயே வைத்துள்ளனர்.

மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது, அன்று யாருடன் மனம் மாறுபட்டோமோ அவருடைய கருத்தை, அவரே கேட்டால் "ஆம், இதுவே நான் கூறியது" என்று ஒப்பும்படி நமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும். அவ்வாறு சொல்ல இயலவில்லையாயின், நாம் அவரோடு மாறுபட்டிருக்கவில்லை; அவர் கூறியதைக் கேட்கவேயில்லை என்பது பொருள். பின்னர் அவர் எந்தப் பொருளை இழப்பதாக அஞ்சுகிறார் என்று எண்ணவேண்டும். சினத்தின் அடியில் பெரும்பாலும் அச்சமே இருக்கும்.

பன்னிரண்டு அநுப்பிரேட்சைகளுள் முதலாவதான அநித்திய பாவனையையும் துணைக்கொள்ளலாம். இவ்வழக்கும், இந்நிலமும், இவ்வுடலும் நிலையாதவை என்று எண்ணுவது கடமையைக் கைவிடுவதற்கன்று. எதை எவ்வளவு இறுகப் பற்றுவது என்று அளவறிவதற்கு.

தசலக்ஷண பருவத்தின் முடிவில் நாம் ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். அது பலரிடம் கைகுவித்துச் சொல்லிச் செல்லும் மரபுச் சொல்லாக நின்றுவிடுகிறது. இவ்வாண்டு, பேச்சற்றுப்போன ஒருவரிடம், அண்ணனாயினும், நாத்தனாராயினும், பங்காளியாயினும், அதனைச் சென்று கூறுவோமாக. கூறும்போது, "நான் செய்தது சரி, ஆயினும் பொறுத்துக்கொள்க" என்ற நினைவோடு கூறாமல், "நீங்கள் நின்ற இடத்திலிருந்து நான் பார்க்கவில்லை" என்று கூறுவோமாக. அவ்வொரு சொல் பல ஆண்டு மௌனத்தைத் திறக்கும் ஆற்றலுடையது.

காட்சி திருந்தினால் அறிவு பயன்படும். அறிவு பயன்பட்டால் ஒழுக்கம் இனிக்கும். மும்மணிகளின் வரிசை அவ்வாறே அமைந்தது. அவ்வரிசையை ஓதும் நம் நாவோடு, காணும் நம் கண்ணும் அதனைப் பயிலுமாக.

ஜினதருமம் ஓங்குக! அறம் வளர்க!